அழிந்த ஊருக்குக் கவிதையில் ஒரு முகவரி

பன்னிரண்டு வயதில் மைகார்டு எடுக்கப் போன நாள் உங்களுக்கு நினைவிருக்கும். தேசியப் பதிவுத் துறை அலுவலகத்தில் எண் வாங்கிக்கொண்டு அம்மாவோடு காத்திருந்திருப்பீர்கள். கட்டைவிரல் ரேகை, புகைப்படம், பிறப்புப் பத்திரம் என எல்லாம் வரிசையாக முடிந்திருக்கும். முகப்பில் இருந்த அதிகாரி பெயரையும் பிறந்த ஊரையும் முகவரியையும் ஒருமுறை சரிபார்த்திருப்பார். அட்டை கைக்கு வந்ததும் படம் நன்றாக இல்லையே என்று கவலைப்பட்டதோடு சரி. அதன்பின் அந்த அட்டையைப் பற்றி நாம் அதிகம் யோசிப்பதில்லை.

அப்படி ஒரு முகப்பில், பிறந்த ஊர் எது என்று கேட்டால் சொல்வதற்கு ஊரே இல்லாத ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஊர் இருந்தது. அவர் அங்கேதான் பிறந்தார். ஆனால் இப்போது அந்த இடத்தில் அந்த ஊர் இல்லை. பதிவேட்டிலும் அவர் பெயர் இல்லை.

அந்த மனிதர்தான் மஹ்மூத் தர்வீஷ். 20ஆம் நூற்றாண்டின் அரபுக் கவிஞர்களுள் மிக அதிகமாக வாசிக்கப்பட்டவர்களில் ஒருவர். புலம்பெயர்வு, மரபு, மனித உரிமை ஆகிய மூன்றையும் தனித்தனிப் பாடங்களாக நாம் படிக்கிறோம். தர்வீஷின் வாழ்க்கையில் அவை மூன்றும் ஒரே கதை.

ஒரே ஆண்டு, இரண்டு சம்பவங்கள்

தர்வீஷ் 1941ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் தேதி, கலிலேயா பகுதியில் உள்ள அல்-பிர்வா என்ற சிற்றூரில் பிறந்தார். அப்போது பாலஸ்தீனம் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. அவரது குடும்பத்துக்குச் சொந்த நிலம் இருந்தது. தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தாத்தாதான் பேரனுக்கு எழுத்தறிவித்தவர்.

1948இல் இஸ்ரேல் உருவானது. அந்தப் போரில் ஏறத்தாழ 7 லட்சம் பாலஸ்தீனர்கள் வீடிழந்து அகதிகளானார்கள். 400க்கும் மேற்பட்ட சிற்றூர்கள் ஆளில்லாமல் போயின. அவற்றுள் அல்-பிர்வாவும் ஒன்று. ஏழு வயதுச் சிறுவன் மஹ்மூத் குடும்பத்தோடு இரவோடு இரவாக லெபனானுக்கு ஓடினான்.

அதே 1948ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் தேதி, பாரிஸ் நகரில் கூடிய ஐக்கிய நாடுகள் பொதுப் பேரவை, அனைத்துலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. அதன் 13ஆவது விதி, எவருக்கும் தம் நாட்டை விட்டுப் போகவும் அதற்குத் திரும்பி வரவும் உரிமை உண்டு என்கிறது. 15ஆவது விதி, ஒவ்வொருவருக்கும் குடியுரிமை பெறும் உரிமை உண்டு என்கிறது. 17ஆவது விதி சொத்துரிமை பற்றியது. மறுநாளே, டிசம்பர் 11ஆம் தேதி, பேரவை தனது 194ஆவது தீர்மானத்தை நிறைவேற்றியது. அண்டை வீட்டாரோடு சமாதானமாக வாழ விரும்பும் பாலஸ்தீன அகதிகள் வீடு திரும்ப அனுமதிக்கப்பட வேண்டும் என்பது அதில் ஓர் அம்சம்.

தாளில் எழுதப்பட்ட இந்த உரிமைகளுக்கும் ஒரு சிறுவனின் வாழ்க்கைக்கும் இடையே எவ்வளவு தூரம் இருந்தது என்பதைத்தான் தர்வீஷின் கவிதைகள் அளந்து காட்டுகின்றன.

இருந்தும் இல்லாதவன்

ஏறத்தாழ ஓராண்டுக்குப் பிறகு அந்தக் குடும்பம் ஒருவருக்கும் தெரியாமல் எல்லையைத் தாண்டித் திரும்பி வந்தது. அதற்குள் அல்-பிர்வா அழிக்கப்பட்டுவிட்டது. அந்த நிலத்தில் யூதர்களின் புதிய குடியிருப்புகள் எழுந்தன. குடும்பம் பக்கத்தில் உள்ள டெய்ர் அல்-அசாத் என்ற ஊரில் தங்க வேண்டியதாயிற்று.

இவர்கள் திரும்பி வருவதற்கு முன்பே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்துவிட்டது. அதில் இவர்கள் பெயர் இல்லை. நாட்டுக்குள் கண்ணெதிரே நடமாடினாலும், சட்டத்தின் கண்ணுக்கு இவர்கள் ஊரை விட்டுப் போனவர்கள். 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அப்படிப் போனவர்களின் நிலத்தையும் வீட்டையும் அரசுப் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வழி செய்தது. அதனால் இத்தகையோருக்கு ஒரு விசித்திரமான பெயர் வந்தது: ‘இருக்கும் இல்லாதவர்கள்’. சொந்த நிலத்தை வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம். உள்ளே போக முடியாது.

1966 வரை இஸ்ரேலில் வாழ்ந்த அரபு மக்கள் இராணுவ நிர்வாகத்தின் கீழ் இருந்தனர். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகவும் அனுமதிச் சீட்டு வேண்டும். நில உரிமையாளராக இருந்த தந்தை, கல் உடைக்கும் குவாரியில் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார்.

பள்ளி மேடையில் முதல் கவிதை

தர்வீஷ் பல நேர்காணல்களில் சொன்ன ஒரு சம்பவம் மாணவர்களாகிய உங்களுக்குப் பிடிக்கும்.

இஸ்ரேல் உருவான நாளைக் கொண்டாடும் பள்ளி விழாவில் கவிதை வாசிக்கும்படி அந்தச் சிறுவனிடம் சொன்னார்கள். அவன் தானே ஒன்றை எழுதிக்கொண்டு மேடை ஏறினான். ஓர் அரபுச் சிறுவன் ஒரு யூதச் சிறுவனிடம் பேசுவதுபோல் அது அமைந்திருந்தது. உனக்கு வீடு இருக்கிறது, விளையாட்டுப் பொருள் இருக்கிறது, கொண்டாட்டம் இருக்கிறது. எனக்கு ஏன் இல்லை, நாம் ஏன் சேர்ந்து விளையாட முடியாது என்பதுதான் அதன் கருத்து.

மறுநாள் இராணுவ அதிகாரி அவனை அழைத்து மிரட்டினார். இப்படியே எழுதிக்கொண்டிருந்தால் அப்பாவுக்குக் குவாரியில் வேலை இருக்காது என்றார். சிறுவன் அழுதுகொண்டே வெளியே வந்தான். தான் எழுதிய சில வரிகளுக்கு ஓர் அதிகாரி ஏன் இவ்வளவு பயப்படுகிறார் என்று அவனுக்கு விளங்கவில்லை. கவிதை என்பது தான் நினைத்ததைவிடக் கனமான ஒன்று என்ற எண்ணம் மட்டும் அன்று மனத்தில் விழுந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கவிதையில் வசையும் இல்லை, முழக்கமும் இல்லை. இருந்தது ஒரு குழந்தையின் நேர்மையான கேள்வி. பதில் சொல்ல முடியாத கேள்விதான் அதிகாரத்துக்கு அதிகத் தொல்லை தருவது.

அடையாள அட்டை

1964இல் ‘ஆலிவ் இலைகள்’ என்ற தொகுப்பு வெளிவந்தது. அதில் இடம்பெற்ற ‘அடையாள அட்டை’ என்ற கவிதை தர்வீஷை ஒரே மூச்சில் அரபுலகம் முழுவதற்கும் அறிமுகப்படுத்தியது. அரசு அலுவலகத்தில் எழுத்தர் ஒருவரின் முன் நின்ற அனுபவத்திலிருந்து அது பிறந்தது என்று அவர் கூறியிருக்கிறார்.

கவிதையின் அமைப்பு எளிமையானது. ஓர் ஏழைத் தொழிலாளி தன் விவரங்களை அதிகாரியிடம் சொல்கிறான். அட்டை எண், பிள்ளைகளின் எண்ணிக்கை, செய்யும் தொழில், தலைமுடியின் நிறம், முகவரி என்று பாரத்தில் உள்ள கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்புகிறான். ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் பாரம் கேட்டதற்கு மேல் கொஞ்சம் சொல்லிவிடுகிறான். அந்தக் கொஞ்சத்தில்தான் அவன் பாட்டனும் நிலமும் மானமும் இருக்கின்றன. மனிதரை எண்ணாகக் குறிக்கும் தாளையே எடுத்து, அதில் ஒரு மனிதனின் வரலாற்றை எழுதி வைத்தார் தர்வீஷ்.

பின்னாளில் இந்தக் கவிதை அவருக்கே சுமையானது. கூட்டங்களில் ரசிகர்கள் இதையே வாசிக்கச் சொல்வார்கள். அவர் பெரும்பாலும் மறுத்துவிடுவார். எத்தனையோ எழுதிய பிறகும் தம்மை ஒரே கவிதைக்குள் அடைத்து வைப்பதை அவர் விரும்பவில்லை. அடையாளத்துக்காகப் போராடியவருக்கும், அடையாளம் ஒன்று மட்டுமே எல்லாம் ஆகிவிடக் கூடாது என்ற கவலை இருந்தது.

சிறையில் வந்த ரொட்டி வாசம்

1960களில் தர்வீஷ் பலமுறை சிறை சென்றார். அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியூருக்குக் கவிதை வாசிக்கப் போனதும் அதற்கு ஒரு காரணம். பிறகு ஹைஃபா நகரை விட்டு வெளியேறத் தடை விதிக்கப்பட்டது. பொழுது சாய்ந்தால் வீட்டை விட்டு நகரக் கூடாது.

அந்தச் சிறை நாட்களில் எழுதியதுதான் ‘என் தாய்க்கு’ என்ற கவிதை. அதில் நாடு, கொடி, போர் எதுவும் இல்லை. அம்மா சுடும் ரொட்டியும் அவர் போடும் காப்பியும்தான் இருக்கின்றன. தாயைப் பற்றி ஒரு மகன் எழுதிய சொந்தக் கவிதை அது. ஆனால் லெபனான் பாடகர் மார்செல் கலீஃபே 1970களில் அதற்கு இசையமைத்துப் பாடியபோது, வீடிழந்த இலட்சக்கணக்கானோர் அதைத் தங்கள் பாட்டாக ஏற்றுக்கொண்டார்கள். அவர்களுக்கு அந்தத் தாய் விட்டுவந்த மண்ணாகவும் தெரிந்தாள்.

மரபு என்றால் நமக்கு உடனே கோயிலும் கோபுரமும் அருங்காட்சியகமும் நினைவுக்கு வரும். ஊரே அழிந்துபோன ஒருவருக்கு மரபு என்பது அடுக்களை வாசம், மரத்தின் பெயர், பாட்டியின் வட்டார வழக்கு ஆகியவைதான். அவற்றை எந்தச் சட்டமும் பறிமுதல் செய்ய முடியாது. எழுதி வைக்காவிட்டால் தாமாகவே மறைந்துவிடும் என்பதுதான் ஆபத்து.

எதிரிக்கும் ஒரு முகம்

தர்வீஷை வெறும் எதிர்ப்புக் கவிஞராக மட்டும் அறிந்தவர்களுக்கு இந்தப் பகுதி வியப்பளிக்கும். ஸ்பானியக் கவிஞர் லோர்காவையும் சிலி நாட்டுக் கவிஞர் நெரூடாவையும் அவர் முதலில் படித்தது எபிரேய மொழியில்தான். தம்மிடம் அன்பு காட்டிய யூத ஆசிரியை ஒருவரை வாழ்நாள் முழுதும் நன்றியோடு நினைவுகூர்ந்தார். ‘ரீட்டா’ என்று அவர் பெயர் சூட்டிப் பாடிய காதலியும் ஒரு யூதப் பெண்.

1967 போருக்குப் பின், போரில் சலித்துப்போன ஓர் இஸ்ரேலிய வீரனோடு உரையாடுவதுபோல் ஒரு கவிதை எழுதினார். சொந்த மக்களிடமிருந்தே அதற்குக் கண்டனம் வந்தது. எதிரிக்கு மனித முகம் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். அவர் அந்தக் கவிதையைக் கைவிடவில்லை. மனித உரிமை என்பது நம் பக்கத்து மனிதருக்கு மட்டும் உரியதென்றால், அது உரிமை ஆகாது, சலுகைதான்.

பெட்டியோடு அலைந்த ஆண்டுகள்

1970இல் தர்வீஷ் படிப்பதற்காக மாஸ்கோ சென்றார். அடுத்த ஆண்டு கெய்ரோ, பிறகு பெய்ரூட். 1973இல் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தில் சேர்ந்ததால் இஸ்ரேலுக்குள் நுழையத் தடை வந்தது. பிறந்த மண் இருபது ஆண்டுகளுக்கு மேல் கண்ணுக்கெட்டாமல் போயிற்று.

1982இல் பெய்ரூட் முற்றுகையிடப்பட்டது. அந்தக் கோடையின் ஒரே ஒரு நாளைப் பற்றி அவர் எழுதிய உரைநடை நூல் ‘மறதிக்கான நினைவு’. வெளியே குண்டு விழுகிறது. படுக்கை அறையிலிருந்து அடுக்களைக்குப் போய்க் காப்பி போட வேண்டும் என்பதுதான் அவரது காலைக் கவலை. பல பக்கங்களுக்கு அந்தக் காப்பியைப் பற்றியே எழுதுகிறார். உயிர் போகும் நேரத்திலும் ஒரு மனிதனுக்குச் சாதாரணமான ஒரு காலைப்பொழுது வேண்டும் என்ற ஆசையைவிடப் பெரிய உரிமைக் குரல் வேறென்ன இருக்கிறது?

அதன்பின் தூனிஸ், பாரிஸ் என்று வாழ்க்கை நகர்ந்தது. 1988 நவம்பர் 15ஆம் தேதி அல்ஜியர்ஸில் வெளியிடப்பட்ட பாலஸ்தீன சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர் அவரே. ஆனால் 1993இல் ஓஸ்லோ உடன்பாட்டை ஏற்க முடியாமல் தலைமைக் குழுவிலிருந்து விலகினார். 1996இல் ரமல்லா நகருக்குத் திரும்பினார். நாட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். சொந்த ஊருக்கு அல்ல.

கவிதைக்கு அஞ்சிய அவைகள்

கவிதை யாருக்கு என்ன செய்துவிடும் என்று சிலர் கேட்பதுண்டு. வரலாறு வேறு மாதிரி சொல்கிறது. 1988இல் இஸ்ரேலியப் பிரதமர் இட்சாக் ஷமீர் நாடாளுமன்றத்தில் தர்வீஷின் கவிதை ஒன்றைச் சுட்டிக்காட்டிக் கண்டித்தார். 2000ஆம் ஆண்டில் கல்வி அமைச்சர் யோசி சாரிட், தர்வீஷின் கவிதைகளை இஸ்ரேலியப் பள்ளிகளில் விருப்பப் பாடமாகச் சேர்க்கலாம் என்றார். அதையொட்டி அரசின்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானமே வந்தது. அதற்கு இன்னும் காலம் கனியவில்லை என்று பிரதமர் எகுட் பராக் கூறிவிட்டார்.

அச்சம் ஒரு பக்கத்துக்கு மட்டும் சொந்தமில்லை. தர்வீஷின் யூசுஃப் பற்றிய கவிதையைப் பாடியதற்காக மார்செல் கலீஃபே மீது லெபனானில் சமயத்தை அவமதித்ததாக வழக்குத் தொடரப்பட்டது. 1999இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. கருத்துச் சுதந்திரம் பற்றிய 19ஆவது விதியும் பண்பாட்டு வாழ்வில் பங்குகொள்ளும் உரிமை பற்றிய 27ஆவது விதியும் எங்கெல்லாம் தேவைப்படுகின்றன என்று இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

தமிழுக்கு வந்த வழி

இந்தக் கவிதைகள் தமிழுக்கு வந்தது இலங்கை வழியாக. கிழக்கிலங்கையைச் சேர்ந்த கவிஞர் எம்.ஏ. நுஃமான் மொழிபெயர்த்த ‘பலஸ்தீனக் கவிதைகள்’ 1981இல் வெளிவந்தது. அதே ஆண்டு ஜூன் முதல் நாள் விடியுமுன் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஓலைச்சுவடிகளும் அவற்றோடு போயின. நூலகத்தோடு புத்தரும் சேர்த்து எரிக்கப்பட்டதாகக் கற்பனை செய்து ‘புத்தரின் படுகொலை’ என்ற கவிதையை எழுதியவரும் இதே நுஃமான்தான்.

வேற்று மொழியின் துயரத்தைத் தமிழில் கொண்டுவந்த கை, சொந்த மண்ணின் துயரத்தையும் எழுத வேண்டி வந்தது. 1985இல் வெளிவந்த ‘மரணத்துள் வாழ்வோம்’ தொகுப்பைப் படிப்பவர்கள், ஈழக் கவிதைகளும் அரசியல் வன்முறையை நேருக்கு நேர் பார்த்து எழுதப்பட்டதைக் காணலாம்.

உண்மையில் இழந்த ஊரைப் பாடுவது தமிழுக்குப் புதிதல்ல. புறநானூற்றின் 112ஆவது பாடலை இலக்கியம் எடுத்த மாணவர்கள் அறிவார்கள். தந்தையும் பறம்பு மலையும் போன பின் பாரி மகளிர் பாடியது. ஐந்தே அடிகள். போன மாத நிலவையும் இந்த மாத நிலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அழுகையும் இல்லை, சாபமும் இல்லை. ஈராயிரம் ஆண்டு இடைவெளியில் தர்வீஷ் செய்ததும் ஏறத்தாழ இதுதான்: இருந்ததைச் சொல், இல்லாததைச் சொல், மீதியை வாசகர் உணரட்டும்.

நமக்கு இதில் என்ன?

நம் நாட்டிலும் பாட்டி, தாத்தா காலத்திலிருந்து இங்கேயே உழைத்து, இன்னும் சிவப்பு அடையாள அட்டையோடு வாழும் இந்தியர்கள் இருக்கிறார்கள். பிறப்புப் பத்திரம் இல்லாமல் பள்ளியில் சேரச் சிரமப்படும் பிள்ளைகளைப் பற்றியும் அவ்வப்போது செய்தி படிக்கிறோம். பாலஸ்தீனர்களின் நிலையும் இதுவும் ஒன்றல்ல. காரணங்களும் வரலாறும் வேறு. ஆனால் பதிவேட்டில் பெயர் இல்லாவிட்டால் ஒரு மனிதருக்கு என்ன நேர்கிறது என்ற கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். வகுப்பில் அப்படி ஒரு நண்பர் இருந்தால் அவரது நிலையைப் புரிந்துகொள்ள இந்தக் கவிதைகள் உதவும்.

இன்னொன்றும் உண்டு. நம்மில் பலரது தாத்தா பாட்டி பிறந்த தோட்டங்கள் இன்று இல்லை. வீடமைப்புத் திட்டமாகவும் நெடுஞ்சாலையாகவும் அவை மாறிவிட்டன. லயத்து வீடு, பிரட்டுக் களம், தீமிதித் திருவிழா, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி எல்லாம் பெரியவர்கள் நினைவில் மட்டும் இருக்கின்றன. இந்த வாரம் அவர்களிடம் பத்து நிமிடம் உட்காருங்கள். தோட்டத்தின் பெயர், எத்தனையாவது லயம், வாசலில் என்ன மரம், காலையில் என்ன வாசம் வரும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அலங்காரச் சொல் எதுவும் தேவையில்லை. தர்வீஷுக்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒரு ரொட்டியும் ஒரு கோப்பைக் காப்பியும்தான்.

2008 ஆகஸ்ட் 9ஆம் தேதி, அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் இதய அறுவை சிகிச்சைக்குப் பின் தர்வீஷ் காலமானார். அவருக்கு வயது 67. பாலஸ்தீனத்தில் மூன்று நாள் துக்கம் அனுசரிக்கப்பட்டது. அவரது உடல் ரமல்லாவில் ஒரு குன்றின்மேல் அடக்கம் செய்யப்பட்டது.

அல்-பிர்வாவுக்கு அவர் கடைசிவரை திரும்பவில்லை. ஆனால் அந்தப் பெயரை இன்று கோலாலம்பூரில் உட்கார்ந்து தமிழில் நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஓர் ஊரைத் தரைமட்டமாக்கியவர்கள் எதிர்பார்க்காத விஷயம் இது.